பழைய லாரி வாங்கப் போறீங்களா? அறிகுறியை வச்சு கோளாறைப் பிடிக்கிற வழி

பழைய லாரில தெரியிற எந்தக் கோளாறுக்கும் குறைஞ்சது ரெண்டு காரணம் இருக்கும், ஒண்ணு சின்னச் செலவு, இன்னொண்ணு இன்ஜினையே இறக்கி வைக்கிற செலவு. விக்கிறவர் எப்பவும் முதல் காரணத்தைத்தான் சொல்லுவாரு. "ஃபில்டர் அடைச்சிருக்கு", "சும்மா சென்சார் தாங்க", "பேட்டரி கொஞ்சம் டவுன்". அவர் பொய் சொல்றாருன்னு எடுத்துக்க வேண்டாம், பல நேரம் உண்மையாவே அதுவாத்தான் இருக்கும். ஆனா எது எதுன்னு பணம் குடுக்குறதுக்கு முன்னாடி பிரிச்சுப் பாக்குறது நம்ம வேலை, குடுத்த பிறகு பிரிச்சா மெக்கானிக்குக்குத்தான் வேலை. அதனால கீழ ஒவ்வொரு அறிகுறியா எடுத்து, சின்ன காரணம் எது, பெரிய காரணம் எது, ரெண்டையும் எப்படிப் பிரிக்கிறதுன்னு எழுதியிருக்கேன்.

கையில ஒரு நல்ல டார்ச், கிளவுஸ், சின்ன சுத்தியல், அளவு டேப், சோப்புத் தண்ணி, ஒரு பழைய அட்டை, சக்கரத்துக்கு முட்டு வைக்க ரெண்டு கட்டை இருந்தாப் போதும். பழுது கோடு படிக்கிற ஸ்கேனர் கிடைச்சா ரொம்ப நல்லது. அழுக்காகிற சட்டையா போட்டுட்டுப் போங்க, வண்டிக்கு அடில படுக்காம லாரி பாத்தேன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல.

போய் நிக்கும்போதே இன்ஜின் சூடா இருக்கு

"நீங்க வர்றீங்கன்னு சொன்னீங்களே, அதான் கழுவி ஸ்டார்ட் பண்ணி வச்சேன்" அப்படிம்பாரு. கழுவுனது வரைக்கும் சரி. ஆனா டீசல் இன்ஜினோட வயசு பூரா தெரியிறது ராத்திரி முழுக்க நின்னு காலைல முதல் தடவை செல்ஃப் அடிக்கும்போதுதான். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள காத்தை அமுக்குற பலம்) குறைஞ்ச இன்ஜின் சூட்டுல நல்லாவே ஸ்டார்ட் ஆகும், ஆறிக் கிடக்கும்போதுதான் தடுமாறும். அதனால போன உடனே ரேடியேட்டர் ஹோஸ் மேலயும் இன்ஜின் பிளாக் பக்கத்துலயும் கையைக் கொண்டு போய்ப் பாருங்க. வெதுவெதுப்பு இருந்தா சண்டை வேண்டாம், மத்ததையெல்லாம் பாத்துட்டு "நாளைக்கு காலைல வர்றேன், நான் வர்ற வரைக்கும் சாவி போடாதீங்க"ன்னு சொல்லிட்டு வாங்க. அதுக்கும் ஒத்துக்கலைன்னா உங்களுக்கு வேண்டிய பதில் கிடைச்சிடுச்சு.

இன்ஜின் ஆயில் சொட்டுற இடத்தை புதுசா கழுவியிருந்தா எதுவும் தெரியாது. அதுக்குத்தான் அந்த அட்டை, ஸ்டார்ட் பண்ணினதும் அடில போட்டு வைங்க, ஓட்டிப் பாத்துட்டு வந்து நிறுத்தினதும் மறுபடி போடுங்க.

செல்ஃப் அடிச்சா டக்குனு பிடிக்கல

ரெண்டு விதம் இருக்கு, குழப்பிக்காதீங்க. செல்ஃப் மெதுவா, இழுத்து இழுத்து சுத்துனா அது பேட்டரி, கேபிள், எர்த், இல்லன்னா செல்ஃப் மோட்டார். 24 வோல்ட் வண்டில ரெண்டு 12 வோல்ட் பேட்டரி வரிசையா இருக்கும், அதுல ஒண்ணு மட்டும் செத்திருந்தாலே இப்படித்தான் ஆகும். இன்ஜின் ஓடும்போது மீட்டர் வச்சுப் பாத்தா 28 வோல்ட்டுக்குப் பக்கமா காட்டணும், காட்டினா டைனமோ பரவாயில்ல. இதெல்லாம் சின்ன விஷயம்.

செல்ஃப் நல்ல வேகமா சுத்தியும் இன்ஜின் பிடிக்கலைன்னா அங்கதான் யோசிக்கணும். டீசல் லைன்ல காத்து புகுந்திருக்கலாம், ஃபில்டர் அடைச்சிருக்கலாம், அது சின்னது. நாஸில் (சிலிண்டருக்குள்ள டீசலைத் தெளிக்கிறது), ஹை பிரஷர் பம்ப், கம்ப்ரஷன், இது பெருசு. டீசல் ஃபில்டர் கிட்ட கை பம்ப் இருந்தா நல்லா அடிச்சுட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க. உடனே பிடிச்சா எங்கயோ ஒரு ஜாயின்ட்ல காத்து இழுக்குது. அப்பவும் அதே கதைன்னா வெறும் ஃபில்டர்னு சொல்றதை நம்பாதீங்க.

புகை

பனி காலத்துல முதல் ஸ்டார்ட்ல கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து ரெண்டு மூணு நிமிஷத்துல அடங்கினா அதைப் பத்தி கவலை வேண்டாம். இன்ஜின் சூடானப்புறமும் வெள்ளை நிக்கலைன்னா மோந்து பாருங்க (மூக்கை சைலன்சர்ல விட வேண்டாம், தள்ளி நின்னாலே தெரியும்). கண்ணு எரியிற பச்சை டீசல் வாடைன்னா நாஸில் ஒழுகுது இல்லன்னா ஒரு சிலிண்டர் எரியல. ஒரு மாதிரி இனிப்பு வாடைன்னா கூலன்ட் உள்ள போகுது, அதுக்கு கீழ ஆயில்ல தண்ணி கலக்குறதைப் பத்தி எழுதியிருக்கிறதைப் படிச்சுட்டு விலை பேசுங்க.

நீலப் புகைன்னா ஆயில் எரியுது, இதுல எந்த நேரத்துல வருதுங்கிறதுதான் முக்கியம். ரொம்ப நேரம் ஐடிலிங்ல விட்டுட்டு ரேஸ் குடுத்த உடனே ஒரு மூச்சு நீலமா வந்து நின்னுட்டா வால்வு சீல், கைடு பக்கம் பாக்கணும், டர்போ சீலாவும் இருக்கலாம். லோடுல ஏறும்போது நிக்காம வந்துட்டே இருந்தா ரிங் (பிஸ்டனைச் சுத்தி இருக்கிற வளையம்), லைனர் (சிலிண்டரோட உள் சுவர்) தேஞ்சிருக்கு. முதல்ல சொன்னது தாங்கிக்கலாம், ரெண்டாவதுக்கு இன்ஜின் வேலைக்கான பணத்தை விலைல கழிச்சுட்டுத்தான் பேச்சே.

கறுப்புப் புகைக்கு ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போல இருந்து வர்ற ஹோஸ்ல ஓட்டை, நாஸில் அதிகமா ஊத்துறதுன்னு வரிசையா இருக்கு, முதல் ரெண்டும் கண்ணாலயே பாத்துடலாம். ஆனா புகை வடிகட்டியான டி.பி.எஃப். இருக்கிற புது மாடல்கள்ல கணக்கே வேற. சைலன்சர் குழாய் உள்பக்கம் விரலால தேச்சுப் பாருங்க. நல்லா வேலை செய்யிற வண்டில விரல் கிட்டத்தட்ட சுத்தமா வரும், கரி அப்பிக்கிட்டு வந்தா உள்ள இருக்கிற வடிகட்டி உடைஞ்சிருக்கு இல்லன்னா யாரோ அதைக் கழட்டிட்டு வெறும் டப்பாவை மாட்டி வச்சிருக்காங்க. திரும்ப மாட்டுற செலவு சாதாரணம் இல்ல.

ஆயில் மூடியைத் தொறந்தா காத்து அடிக்குது

இதை மெக்கானிக்குங்க பேக் கம்ப்ரஷன்னு சொல்லுவாங்க, என்னைக் கேட்டா இந்த ஒரு சோதனைக்காகவே வண்டிகிட்ட போகலாம். இன்ஜினை நல்லா சூடாக்கி ஐடிலிங்ல விட்டு, ஆயில் ஊத்துற மூடியைத் திருகிக் கழட்டி தலைகீழா அந்த ஓட்டை மேலயே வைங்க. லேசா அதிர்ந்துட்டு அங்கேயே உக்காந்திருந்தா நல்லது. மூடி துள்ளுது, நழுவுது, தூக்கி எறியுதுன்னா பிஸ்டனைத் தாண்டி காத்து கீழ இறங்குது, அதாவது ரிங், லைனர் தேய்மானம். டிப்ஸ்டிக்கை உருவிட்டு அந்தக் குழாய்ல புகை புஸ் புஸ்னு வருதான்னும் பாருங்க.

இங்கயும் சின்னக் காரணம் ஒண்ணு உண்டு, அதை விட்டுட்டு முடிவு பண்ணிடாதீங்க. இன்ஜின் மூச்சு விடுற பிரீதர் குழாய் அடைச்சிருந்தாலும் உள்ள பிரஷர் ஏறி மூடி ஆடும். டர்போ சீல் போயிருந்தாலும் ஏர் கம்ப்ரசர் தேஞ்சிருந்தாலும் கூட இப்படி வரலாம். பிரீதரைக் கழட்டி சுத்தம் பண்ணிட்டு மறுபடி பாருங்க. அப்பவும் துள்ளுனா, கூடவே லோடுல நீலப் புகையும் இருந்தா சந்தேகமே இல்ல. சில இன்ஜின்ல மூடி இருக்கிற இடத்துல ஆயில் தெறிக்கும், அது கோளாறு இல்ல, மூஞ்சியை மட்டும் தள்ளி வச்சுக்கங்க.

ஆயில் பால் கலந்த மாதிரி இருக்கு, இல்லன்னா அளவு மேல நிக்குது

டிப்ஸ்டிக்ல ஆயில் கொழகொழன்னு வெளுத்துத் தெரிஞ்சா தண்ணி கலந்திருக்கு. மூடிக்கு உள்பக்கம் மட்டும் கொஞ்சம் வெளுத்த பிசுக்கு, டிப்ஸ்டிக்ல சுத்தமான ஆயில்னா பயப்படாதீங்க, கொஞ்ச தூரமே ஓடுற வண்டில ஈரம் கோர்த்து அப்படி ஆகும். டிப்ஸ்டிக்லயே வந்தா ஹெட் கேஸ்கட், ஆயில் கூலர், லைனர் அடி ரப்பர் வளையம், இதுல ஏதோ ஒண்ணு. ஆயில் கூலர்னா தப்பிச்சோம். ரேடியேட்டர் தண்ணி மேல ஆயில் மிதக்குதான்னு இன்ஜின் ஆறினப்புறம் தொறந்து பாருங்க, சூட்டுல தொறந்தா மூஞ்சி வெந்துடும். ஆயில் மிதந்தா கூலர் மேலதான் முதல் சந்தேகம். ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி கூலன்ட் டப்பாவைக் கவனிங்க, ஆரம்பத்துல ஒண்ணு ரெண்டு குமிழி வந்து நின்னா உள்ள இருந்த காத்து, ரேஸ் குடுக்கக் குடுக்க குமிழி விடாம வந்தா எரியிற கேஸ் தண்ணிக்குள்ள வருது, ஹெட் கேஸ்கட் இல்லன்னா ஹெட்டே வெடிச்சிருக்கு.

ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டி நின்னு, தண்ணியா வழிஞ்சு, டீசல் வாடை அடிச்சா நாஸிலோ பம்ப்போ உள்ள ஒழுகுது. அந்த ஆயில்ல ஓடின பேரிங் எவ்வளவு அடி வாங்கியிருக்கும்னு வெளிய தெரியாது. விலை பெரிய வண்டின்னா கொஞ்சம் ஆயிலை எடுத்து லேப்புக்கு அனுப்பிடுங்க. சிலிக்கான் ஏறியிருந்தா தூசி உள்ள போயிருக்கு, சோடியம், பொட்டாசியம் இருந்தா கூலன்ட் போயிருக்கு, ஈயமும் செம்பும் இருந்தா பேரிங் தேயுது. நேத்துதான் ஆயில் மாத்தினேன்னு சொன்னா இந்த சோதனை உபயோகப்படாது, எதுக்கு விக்கிறதுக்கு முந்தின நாள் மாத்தினார்னு மட்டும் கேளுங்க.

இழுவை இல்ல

ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், டர்போ ஹோஸ் கிளிப், மூணையும் முதல்ல பாத்துடுங்க. அப்புறம் டர்போவுக்குப் போற காத்துக் குழாயைக் கழட்டி, இன்ஜின் ஆஃப்ல இருக்கும்போது, அந்தச் சக்கரத்தை விரலால ஆட்டுங்க. பக்கவாட்டுல துளி ஆட்டம் இருக்கத்தான் செய்யும். முன்ன பின்ன இழுத்தா கைக்குத் தெரியிற ஆட்டம் இருந்தாலோ, இறக்கை வீட்டுச் சுவர்ல உரசின பளபளப்பு தெரிஞ்சாலோ டர்போ போயிடுச்சு.

டேஷ்போர்டுல ஒரு லைட்டும் எரியல

சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி சாவியை ஆன் மட்டும் பண்ணி பாருங்க. எச்சரிக்கை லைட் எல்லாம் ஒரு தடவை எரிஞ்சு அணையணும். இன்ஜின் லைட்டோ ஏ.பி.எஸ். லைட்டோ எரியவே இல்லைன்னா பல்பைக் கழட்டிட்டாங்க இல்லன்னா மேல டேப் ஒட்டிட்டாங்க. ஸ்கேனர் போட்டா கோடு எதுவும் இல்லைன்னு வந்தா கூட, எப்ப அழிச்சாங்கன்னு பாக்கணும், அதனால நல்லா ஓட்டிட்டு வந்து ரெண்டாவது தடவையும் போடுங்க. யூரியா கரைசல் ஊத்துற வண்டின்னா டேங்க் மூடி, பைப் ஜாயின்ட், நாஸில் பக்கம் வெள்ளையா உப்பு பூத்திருக்கான்னு பாருங்க, பூத்திருந்தா அங்க ஒழுகியிருக்கு.

கிளட்ச், கியர்

இன்ஜின் சுத்துது ஆனா வேகம் ஏறல, மேட்டுல பெரிய கியர்ல முள் மட்டும் மேல போகுதுன்னா கிளட்ச் வழுக்குது. சமதளத்துல சக்கரத்துக்கு முட்டு வச்சு, ஹேண்ட் பிரேக் போட்டு, பெரிய கியர்ல மெதுவா கிளட்ச்சை விட்டா இன்ஜின் திணறி நிக்கணும். நிக்காம ஓடினா பிளேட் காலி. ஒரு தடவை பாத்தாப் போதும், திரும்பத் திரும்பப் பண்ணினா நல்ல பிளேட்டும் எரியும், முன்னாடி ஆள் நிக்காம பாத்துக்கங்க. கிளட்ச் மிதிச்சா சத்தம் வருதுன்னா ரிலீஸ் பேரிங். நியூட்ரல்ல காலை எடுத்தா வந்து, மிதிச்சா நின்னுட்டா கியர் பாக்ஸ் முன் பேரிங், அது பாக்ஸை இறக்குற வேலை. இறக்கத்துல ஆக்சிலேட்டரை விட்டதும் கியர் தானா எகிறி நியூட்ரலுக்கு வந்தா லிங்கேஜ் சரியில்லைன்னு சொல்லுவாங்க, லிங்கேஜ்ல ஆட்டம் இருக்கான்னு கையால ஆட்டிப் பாருங்க, அங்க ஆட்டம் இல்லைன்னா கோளாறு உள்ள இருக்கு.

பின்னாடி இருந்து ஊளை, இல்லன்னா "டக்"

கியர் போட்டு நகரும்போது ஒரு டக் வந்தா ஜாயின்ட் ஷாஃப்ட் கிராஸை (கியர் பாக்ஸ்ல இருந்து பின் ஆக்சிலுக்குப் போற தண்டோட மூட்டு) முதல்ல கையால திருகிப் பாருங்க, பெரும்பாலும் அதுதான், சின்னச் செலவு. கிராஸ் இறுக்கமா இருந்தும் டக் வந்தா கிரவுன் பினியன் (பின் ஆக்சிலுக்குள்ள இருக்கிற பல் சக்கரங்கள்) ஆட்டம். ரேஸ் குடுக்கும்போது ஊளையிட்டு, விட்டா சத்தம் மாறினா அதுவும் கிரவுன் பக்கம்தான். ரேஸுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாம சக்கர வேகத்தோட கூடவே ஏறி இறங்குற இரைச்சல் வீல் பேரிங் இல்லன்னா டயர்.

ஏர் ஏற நேரமாகுது, நிறுத்தினா இறங்கிடுது

மத்த கோளாறெல்லாம் பணத்தைத்தான் தின்னும், இது ஆளைத் தின்னும், அதனால இங்க அவசரப்படாதீங்க. முதல்ல சக்கரத்துக்கு முட்டு. ஏர் டேங்க் அடில இருக்கிற வடிகால் வால்வை ஒவ்வொண்ணா தொறந்து விடுங்க, கீழ ஒரு வெள்ளைத் துணியைப் பிடிங்க. கொஞ்சம் ஈரம்னா ஓகே. தண்ணி குடம் குடமா வந்தா ஏர் டிரையர் வேலை செய்யல, சின்னச் செலவு. கறுப்பா ஆயில் பிசுக்கு வந்தா கம்ப்ரசர் ரிங் தேஞ்சு ஆயிலைத் தள்ளுது, அந்த ஆயில் வால்வு ரப்பரையெல்லாம் ஊற வச்சிருக்கும்.

அப்புறம் இன்ஜினை ரேஸ்ல வச்சு ஏத்துங்க. ரெட்டை சர்க்யூட் சிஸ்டத்துல 85 பி.எஸ்.ஐ.ல (ஏர் பிரஷர் அளவு) இருந்து 100 வர்றதுக்கு 45 செகண்டுக்கு மேல ஆகக்கூடாது. முழுசா ஏறினதும் இன்ஜினை நிறுத்தி, பிரேக்கை ரிலீஸ் பண்ணி வச்சுட்டு கேஜைப் பாருங்க, தனி லாரில ஒரு நிமிஷத்துக்கு 2 பி.எஸ்.ஐ.க்கு மேல இறங்கக் கூடாது. பெடலை நல்லா மிதிச்சுப் பிடிச்சா 3 வரைக்கும் போகலாம், டிரெய்லர் மாட்டியிருந்தா இந்தக் கணக்குல ஒண்ணு கூட்டிக்கங்க. பெடலை மிதிக்கும்போது மட்டும் இறங்குதுன்னா பிரேக் சேம்பருக்குள்ள இருக்கிற ரப்பர் (டயாஃப்ரம்) இல்லன்னா பெடல் அடில இருக்கிற ஃபுட் வால்வு, மிதிக்காமலே இறங்குதுன்னா பைப், டேங்க், ஜாயின்ட், சோப்புத் தண்ணியை ஊத்தினா குமிழி காட்டிக் குடுக்கும். கடைசியா பெடலை அடிச்சு அடிச்சு ஏரை இறக்குங்க, சுமார் 60 பி.எஸ்.ஐ. வர்றதுக்குள்ள எச்சரிக்கை மணியோ லைட்டோ வரணும். வரலைன்னா வொயரை வெட்டி விட்டிருக்காங்கன்னு வச்சுக்கங்க.

ஓட்டிட்டு வந்த உடனே ஒவ்வொரு டிரம் கிட்டயும் கையைக் கொண்டு போங்க, தொட வேண்டாம், அனல் தெரியும். ஒண்ணு மட்டும் ஆறிக் கிடந்தா அந்தச் சக்கரத்துல பிரேக் பிடிக்கல, பிரேக் இடைவெளியைச் சரி பண்ற ஸ்லாக் அட்ஜஸ்டரைப் பாருங்க. ஒண்ணு மட்டும் கொதிச்சா பிரேக் விடாம உரசுது இல்லன்னா பேரிங். ஸ்பிரிங் பிரேக் சேம்பரை மட்டும் எவரும் ஸ்பேனரால தொடக் கூடாது, உள்ள அமுக்கி வச்சிருக்கிற ஸ்பிரிங் வெளிய வந்தா உயிர் போயிடும்.

ஸ்டியரிங் ஆட்டம், டயர் ஒரு பக்கமா தேஞ்சிருக்கு

இன்ஜின் ஓடிட்டு இருக்கும்போது சக்கரம் அசையறதுக்கு முன்னாடி ஸ்டியரிங் எவ்வளவு சும்மா சுத்துதுன்னு பாருங்க, 20 இன்ச் ஸ்டியரிங்ல 2 இன்ச்சுக்கு மேல போகக் கூடாது. முன் ஆக்சிலை ஜாக்கி வச்சுத் தூக்கி, ஸ்டாண்டு குடுத்து, டயரை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்க. மிதிச்சதும் ஆட்டம் நின்னா வீல் பேரிங், இறுக்கினாலே சரியாகலாம். மிதிச்சும் ஆடினா கிங்பின், அதாவது முன் சக்கரம் திரும்புறதுக்கு அச்சா இருக்கிற ஆணி.

டயர் பட்டன் ரெண்டு ஓரமும் தேஞ்சிருந்தா காத்து கம்மியா ஓட்டியிருக்காங்க, நடுல தேஞ்சிருந்தா அதிகம். கையால தடவும்போது ஒரு பக்கம் வழவழன்னும் எதிர்ப்பக்கம் அரம் மாதிரியும் இருந்தா அலைன்மென்ட். டயர் பக்கச் சுவர்ல நாலு எண் இருக்கும், 2319னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. புது டயர் மாட்டியிருக்காங்கன்னு மயங்காதீங்க, பழைய டயர்ல இருந்த தேய்மானம்தான் நமக்கு சாட்சி, அதைத்தான் கழட்டி எறிஞ்சிருக்காங்க. ஸ்டெப்னியைப் பாருங்க, பழைய முன் டயர் பெரும்பாலும் அங்கதான் இருக்கும்.

சேஸ்ல அங்கங்க மட்டும் புது பெயிண்ட்

இன்ஜின், கியர் பாக்ஸ் எல்லாம் மாத்திக்கலாம், சேஸ் போனா வண்டியே போச்சு. முழு சேஸுக்கும் பெயிண்ட் அடிச்சிருந்தா சும்மா அழகுக்கா இருக்கலாம், ஒரு அடி நீளத்துக்கு மட்டும் அடிச்சிருந்தா அங்க சுத்தியலும் டார்ச்சும் வேணும். ஸ்பிரிங் பிராக்கெட் சுத்தி, கிராஸ் மெம்பர் சேர்ற மூலை, கேபினுக்குப் பின்னாடி பாடி ஆரம்பிக்கிற இடம், இங்கதான் பிளவு முதல்ல வரும். ரிவெட்டை ஒரு பக்கம் தட்டி மறுபக்கம் விரலை வைங்க, அசைவு விரலுக்குத் தெரியும். கண்ணுக்கும் ஒரு அடையாளம் இருக்கு, ரிவெட் தலைக்குக் கீழ செம்பழுப்பா துருப்பொடி கோடு போட்டு இறங்கியிருந்தா அது உள்ள உரசிட்டே இருக்கு, பெயிண்ட் அடிச்சாலும் கொஞ்ச நாள் ஓடினதும் அந்தக் கோடு திரும்ப வந்துடும்.

மேல தகடு வச்சு வெல்டிங் பண்ணியிருந்தா ஏன்னு கேளுங்க. பல லாரி சேஸ் சூடுபடுத்திக் கெட்டிப்படுத்தின இரும்பு, கண்ட இடத்துல வெல்டிங் வச்சா அதுக்குப் பக்கத்துலயே அடுத்த பிளவு வரும். அளவு டேப்பால ரெண்டு பக்கமும் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவுல அளந்து பாருங்க, ஒரு விரல் அகலம் வித்தியாசம் வந்தா ஸ்பிரிங் பட்டையோட நடு போல்ட் உடைஞ்சு ஆக்சில் நகர்ந்திருக்கலாம், அது சின்னது. பட்டை, யூ போல்ட் எல்லாம் சரியா இருந்தும் வித்தியாசம் இருந்தா சேஸ் வளைஞ்சிருக்கு. வேற ஒருத்தரை ஓட்டச் சொல்லி நேர் பின்னாடி நின்னு பாத்தா வண்டி குறுக்கா நடக்கிறது தெரியும்.

தூக்கின டிப்பர் பாடி தானா இறங்குது

கன்ட்ரோல் வால்வு இல்லன்னா சிலிண்டர் சீல், ரெண்டும் மாத்தக் கூடியது. ராம் தண்டுல நீளமா கீறல் இருந்தா புது சீலும் நிக்காது. முட்டு குடுக்காம தூக்கின பாடிக்கு அடில தலையை நீட்டாதீங்க, பாக்குறதுக்குக் கூட.

மீட்டர்ல கிலோமீட்டர் ரொம்ப கம்மி

பெடல் ரப்பர், ஸ்டியரிங் பிடி, டிரைவர் சீட் ஓரம் எல்லாம் மீட்டர் சொல்றதை ஒத்துக்குதான்னு பாருங்க. அதைவிட நல்ல வழி, ஸ்கேனர்ல இன்ஜின் ஓடின மணி நேரத்தை எடுத்து கிலோமீட்டரை அதால வகுங்க. 3,00,000 கிலோமீட்டர், 5,000 மணி நேரம்னா சராசரி 60, லாங் ரூட்ல ஓடின வண்டி. அதே 3,00,000த்துக்கு 10,000 மணி நேரம்னா சராசரி 30, ஊருக்குள்ள நின்னு நின்னு ஓடியிருக்கு, இல்லன்னா ஐடிலிங்லயே பாதி ஆயுசு போயிருக்கு, கிளட்ச், பிரேக், டி.பி.எஃப். எல்லாம் அதுக்குத் தக்க தேஞ்சிருக்கும். சராசரி வேகம் நம்பவே முடியாத அளவுக்குக் குறைவா வந்தா மீட்டரைத் திருப்பியிருக்காங்க. இன்னொரு விஷயம், மணி நேரமும் கிலோமீட்டரும் நல்லாவே இருந்தாலும் அந்த வண்டி என்ன வேலை செஞ்சதுன்னு கேக்காம விடாதீங்க, குவாரில ஓடினதும் தார் ரோட்டுல பார்சல் ஏத்தினதும் ஒரே கணக்கு இல்ல, மேட்டு லோடுக்கான பின் ஆக்சில் விகிதம் உள்ள வண்டியை லாங் ரூட்டுக்கு வாங்கினா கோளாறே இல்லாமலும் டீசல் குடிச்சுட்டே இருக்கும்.

சேஸ் நம்பர் பேப்பரோட பொருந்துது, ஆனா எழுத்து ஒரு மாதிரி இருக்கு

17 எழுத்து சேஸ் நம்பர்ல ஐ, ஓ, க்யூ மூணு ஆங்கில எழுத்தும் வரவே வராது, இருந்தா போலி. நம்பர் குத்தின இடத்துல அரம் தேச்ச கோடு, சுத்தி வேற நிறப் பெயிண்ட், எழுத்து வரிசை கோணல், இதையெல்லாம் டார்ச்சை சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க. துருவால மங்கிப் போன நம்பர் சின்னப் பிரச்சனை, கேபின் தகட்டுலயும் இன்ஜின் கம்ப்யூட்டர்லயும் அதே நம்பர் இருந்தா பொருத்திப் பாத்துக்கலாம். மூணும் மூணு நம்பர் காட்டுதுன்னா, இன்ஜின் மாத்தினதுக்கும் கேபின் மாத்தினதுக்கும் பேப்பர் இருக்கான்னு கேளுங்க. பேப்பர் இல்லைன்னா இன்ஜின் சத்தம் எவ்வளவு இனிமையா இருந்தாலும் அட்வான்ஸ் குடுக்காதீங்க.